மூன்று முறையும் நூற்றுப் பன்னிரண்டு

பேட்டரி மினி பஸ்கள் நிற்கும் அந்தப் பணிமனையில் அவளை எல்லோரும் பல்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய மேஜையின் ஓரத்தில், ஒரு மரப்பலகையில் பழைய குண்டு பல்புகள் இரண்டு திருகி வைக்கப்பட்டிருந்தன. ரிப்பேர் பார்த்த எந்த மின்பெட்டிக்கும் எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்க அவளுக்கு மனம் வராது. முதலில் அந்தப் பல்புகள் வழியாகத்தான் கொடுப்பாள். ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் பெட்டி நலம். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அப்போதும் எரிவது பல்புதான், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

புதிதாகச் சேரும் ஓட்டுநர்களிடம் பழைய ஆட்கள், “வண்டியில கோளாறுன்னு அந்தக்கா கிட்ட போனீங்க, பல்பு வாங்கிட்டுத்தான் திரும்பி வருவீங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். “பல்பு வாங்கி யாரும் செத்ததில்ல” என்பாள்.

அவள் படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். அதன் பிறகு பதினோரு வருடம் வீட்டு இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஒரு கடையில் இருந்தாள். கடையில் சேர்ந்தது போன் எடுத்துப் பேசத்தான். “நேத்துத்தானே சரி பண்ணிக் கொடுத்தீங்க, இன்னைக்கும் புகையுதே” என்று நாள் முழுக்க யாராவது போனில் கத்துவார்கள். திட்டு வாங்குவது தானென்றால், எதற்காக வாங்குகிறோம் என்றாவது தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எரிந்து போய்த் தூக்கிப் போட்ட போர்டுகளை மதிய நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டுப் பார்த்தாள். மூன்று வருடத்தில் கடையில் யாருக்கும் பிடிபடாத போர்டு அவள் பக்கம் தள்ளப்படும் நிலை வந்தது. ஒருமுறை அவசரத்தில் சோதிக்காமல் முழுக் கரண்ட் கொடுத்தாள். போர்டு வெடித்துச் சிதறியது. அந்தத் தழும்பு இடது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு விதிகள். கொஞ்சமாகக் கொடுத்துப் பார். மூன்று முறை பார்.

ஊருக்குப் பேட்டரி மினி பஸ்கள் வந்தபோது பணிமனைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் ஒரு வண்டியின் பெட்டியைத் திறந்து காட்டி, “இது என்ன தெரியுதாம்மா?” என்று கேட்டார்கள். அவள் குனிந்து பார்த்தாள். “எங்க கடை இன்வெர்ட்டரோட பெரியப்பா” என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

சொன்னது சரிதான். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் நேராக வரும். மோட்டாருக்கோ சுழன்று வரும் மின்சாரம் வேண்டும். நேராக வருவதை ஆறு சுவிட்சுகள் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடிச் சுழல வைக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரே வேகத்தில் சுற்றினால் போதும். வண்டியில் இருப்பது ஓட்டுநரின் காலைப் பார்த்துச் சுற்ற வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாருக்குள் சுற்றும் காந்தம் இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல மோட்டார் தண்டின் முனையில் ஒரு சென்சார் உண்டு. ஆனால் சென்சார் சைபர் என்று சொல்லும் இடமும் காந்தத்தின் சைபரும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே எத்தனை டிகிரி என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். மோட்டார் மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பெட்டி தன் ஆயுள் முழுக்க அந்த எண்ணைத்தான் நம்பும்.

ஒன்பது வருட வேலைக்குப் பிறகு, அந்த எண்ணை வைத்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். பட்டம் படிக்காதவர்களில் அந்தக் கையெழுத்து அவளுக்கு மட்டும்தான். அது இல்லாமல் மோட்டார் மாற்றிய எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. முதல் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில், குழாய் வேலை பார்க்கும் அவள் கணவர், “இனிமே உன்னைக் கேக்காம ஊரே நகராதுன்னு சொல்லு” என்றார். “நகரும். நேரா நகரணும்ல” என்றாள்.

எட்டாம் நம்பர் வண்டியின் ஓட்டுநருக்குப் புகார் அண்ணன் என்று பெயர். ஓய்வு பெறப் பதினாலு மாதம் இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் மோதியதில்லை, உரசியதில்லை. ஆனால் எழுதுவார். தினமும் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்டருகே தொங்கும் குறை நோட்டில் எதையாவது எழுதாமல் வீட்டுக்குப் போக மாட்டார். ‘ஹாரன் இன்று மனசில்லாமல் அடிக்கிறது.’ ‘சீட் பெருமூச்சு விடுகிறது.’ ‘இடது கண்ணாடி கொஞ்சம் கர்வமாகத் திரும்பி நிற்கிறது.’ மறுநாள் காலை அவள் பார்ப்பாள். அடியில் சிவப்பு மையில் எழுதுவாள்: ‘சோதித்தேன். குறை இல்லை.’

“என்ன பல்பம்மா, என் வண்டிக்கு மட்டும் ஒரு குறையும் வராதா?”

“வண்டிக்கு வராதுண்ணே. அதான் உங்களுக்கு வந்திருக்கே.”

இருவருக்கும் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் நம்பருக்கு மோட்டார் மாற்றிய பிறகு, ஒரு வாரம் கழித்து அவர் எழுதினார்: ‘சாயங்காலம் ஸ்டேஷன் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும், பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல் வண்டி போகிறது.’ அவள் அலட்சியமாக விடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுக்கச் சொல்லி, அதே இறக்கத்தில் மூன்று முறை இறங்கிப் பார்த்தாள். மூன்று முறையும் காலை எடுத்ததும் வண்டி சமர்த்தாகத் தானே உருண்டது. சிவப்பு மையில் எழுதினாள்: ‘சோதித்தேன். குறை இல்லை.’

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை மாலை, அந்த இறக்கத்தின் அடியில் எட்டாம் நம்பர் வண்டி நிறுத்தத்தைத் தாண்டி நாலு அடி போய்க் கம்பித் தடுப்பில் மோதியது. வேகம் அதிகமில்லை. முன்பக்கம் நசுங்கியது. உள்ளே எழுந்து நின்ற ஒரு டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை என்றார்கள். பிரேக்கைத் தாமதமாக மிதித்தார் என்று முடிவானால் அவருக்கு வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியின் பதிவை எடுத்தவள் அவள்தான். பணிமனை இன்ஜினியர் பக்கத்தில் நின்றார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். படித்தவர், ஆனால் அதைத் தூக்கிச் சுமக்காதவர்.

“காலை எடுத்திருக்காருக்கா. ஆக்சிலரேட்டர் சைபர். பெட்டி மோட்டாரைக் கேட்ட விசை சைபர். மோட்டார் கொடுத்த விசையும் சைபர்.”

“அப்ப தள்ளல.”

“தள்ளல. சும்மா உருண்ட வண்டியை இவர் பிடிக்கல, அவ்வளவுதான்.”

அந்தப் பதிவை அச்செடுத்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். தாள் விசாரணைக் கோப்புக்குப் போனது. மதியம் புகார் அண்ணன் அவள் மேஜைக்கு வந்தார். சீருடை இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆள் கொஞ்சம் சுருங்கினாற்போல் இருந்தார்.

“நீயாவது சொல்லும்மா. அது தள்ளுச்சு.”

“அண்ணே, பெட்டிக்கு உங்க மேல கோவமா என்ன? அதுல இருக்கறதைத்தான் நான் எடுத்துக் கொடுத்தேன்.”

“அப்ப யாரு தள்ளுனது? பின் சீட்டுல இருந்த டீச்சரா? பாவம், அவங்களுக்கு இருந்ததே ரெண்டு கைதான்.”

அவர் பல்புப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “எழுதுனேனே. பத்து நாள் முன்னாடியே எழுதுனேனே” என்றார். குரலில் சண்டை இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் கால் கழுவியபடியே புலம்பிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு வீடு. எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு, ஆனா தொட்டி காலியாகுதுன்னு அந்தம்மா சத்தியம் பண்றாங்க. வீட்டுக்காரர் நம்பல. நீதான் திறந்து வச்சுட்டுத் தூங்கிட்டேன்னு அவங்களையே திட்டறார்.”

“யார் சொன்னது சரி?”

“ரெண்டு பேரையும் நான் ஏன் கேக்கணும்? வாசல்ல போய் மீட்டரைப் பாத்தேன். முள்ளு சுத்துது. குழாய் எல்லாம் மூடியிருக்கு, முள்ளு சுத்துதுன்னா தண்ணி எங்கயோ போகுது. சுவத்துக்குள்ள வெடிப்பு.”

அவள் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்தாள்.

“என்னாச்சு? சக்கரை போடலையா?”

“இல்லங்க. மீட்டரைப் பாக்கலை.”

“எந்த மீட்டர்?”

“எங்க மீட்டர்.”

பெட்டி சொன்னது, மோட்டார் என்ன செய்ததாகப் பெட்டி நினைக்கிறது என்பதை மட்டும்தான். பேட்டரியிலிருந்து உண்மையில் எவ்வளவு வெளியே போனது என்பதைப் பேட்டரி தனியாகக் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பு சார்ஜிங் பிரிவில் இருக்கும். பேட்டரியின் உடல்நிலை பார்ப்பதற்கு மட்டுமே அதை எடுப்பார்கள். விபத்துக்கு யாரும் எடுத்ததில்லை.

புதன்கிழமை காலை சார்ஜிங் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

“திங்கக்கிழமை சாயங்காலத்துதா? எதுக்குக்கா? பேட்டரி மேல பழியைத் தூக்கிப் போடப் போறீங்களா?”

“இல்லடி. என் மேல போட்டுக்கலாமான்னு பாக்கறேன்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் காலை எடுத்த அந்த நொடிகளில், வண்டி இறக்கத்தில் தானாக உருண்டதாகச் சொல்லப்பட்ட அதே நொடிகளில், பேட்டரியிலிருந்து முப்பத்தெட்டு ஆம்பியர் வெளியே போயிருந்தது.

“விளக்கு, பம்ப் எல்லாம் சேர்த்தா எவ்வளவு வரும்?”

“ஆறு. மிஞ்சிப் போனா ஏழு.”

“மீதி?”

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். “எங்க போச்சுக்கா?”

தாளின் இன்னொரு ஓரத்தில் பேட்டரியில் மிச்சமிருந்த அளவு இருந்தது. நூற்றுக்கு இருபத்திரண்டு. கடைசி நடைக்கு அப்படித்தான் இருக்கும். அவள் காலை ஏழு மணிக்குச் சோதித்த வண்டியில் நூறு இருந்தது. சோதனைக்கு எடுக்கும் வண்டியை முழுதாகச் சார்ஜ் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது பணிமனை வழக்கம். நடுவழியில் நின்று தொலைக்கக்கூடாதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம். இத்தனை வருடத்தில் அரைப் பேட்டரியோடு எந்த வண்டியையும் அவள் சோதித்ததே இல்லை. சாயங்காலத்தில் வரும் குறையைக் காலையில் தேடிவிட்டு, இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று மாலை எட்டாம் நம்பர் வண்டியைச் சார்ஜ் போடாமலே எடுத்தார்கள். இன்ஜினியர் ஓட்டினார். அவள் மடிக்கணினியோடு முன் சீட்டில் இருந்தாள். புகார் அண்ணனுக்கு ஓட்டத் தடை, ஏறத் தடையில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறக்கத்தின் நடுவில், வேகம் ஐம்பதைத் தொட்டபோது இன்ஜினியர் சொன்னார், “காலை எடுத்துட்டேன்.”

திரையில் விசை சைபர் என்றது. வண்டி சற்றே முன்னால் குனிந்து, முதுகில் உள்ளங்கை வைத்து அழுத்தியது போல் போனது.

“அக்கா. போகுதுக்கா.”

“பிரேக்கை மிதிங்க சார்.”

வேகம் குறைந்ததும் அந்தக் கை விலகிக்கொண்டது. வண்டி நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது.

“என் ரெண்டு கையும் மேல கம்பியிலதான் இருக்கு. சாட்சிக்கு ஆள் வேணும்னா பாத்துக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வண்டியின் பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். வண்டி தள்ளியது நிச்சயம். பெட்டிக்கு அது தெரியவில்லை என்பதும் நிச்சயம். அப்படியானால் பெட்டி காந்தத்தைத் தவறான கோணத்தில் பார்க்கிறது. தவறியது சென்சாரா, அல்லது அவள் வைத்த எண்ணா?

எண் கண்டுபிடிக்கும் முறை எளியது. மோட்டாருக்குள் சுழலாத மின்சாரத்தைச் சிறிதளவு கொடுத்தால், காந்தம் இழுபட்டு வந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும். அப்போது சென்சார் என்ன சொல்கிறதோ அதுதான் எண். அவள் தன் நோட்டைப் புரட்டினாள். மோட்டார் மாற்றிய அன்று எழுதியது இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை பார்த்திருக்கிறாள். மூன்றும் ஒன்று.

வழக்கம்போல இடப்பக்கம் நின்று, கைவாக்கில் சக்கரத்தை முன்னோக்கிக் கால் சுற்று நகர்த்திவிட்டு, பத்து ஆம்பியர் கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடியும் அதே. எண்ணில் தவறில்லை என்று அவள் மனம் ஆறப் பார்த்தது. சென்சாராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது முறைக்கு முன், நசுங்கிய முன்பக்கத்தைக் கழற்றி எடுத்து வந்தவர்கள் அதைக் கொண்டுபோய் அவள் நின்ற இடத்தில் சாய்த்து வைத்தார்கள். இருநூறு இடம் இருந்தும் உங்களுக்கு இதுதான் கிடைத்ததா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வலப்பக்கம் போனாள். அதே கை, அதே வாக்கு. ஆனால் அந்தப் பக்கம் நின்று இழுத்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். பத்து ஆம்பியர் கொடுத்தாள்.

நூற்று முப்பத்தாறு.

அவள் அந்த எண்ணை நோட்டில் எழுதினாள். புது மோட்டாரின் தண்டைப் பிடித்திருக்கும் ஆயில் சீல் இறுக்கமாக இருக்கும். பத்து ஆம்பியர் அந்த இறுக்கத்தை வென்று காந்தத்தைக் கடைசி வரை இழுத்து வருவதில்லை. பாதி வழியிலேயே விட்டுவிடுகிறது. முன்பக்கமிருந்து வந்தால் இந்தப் பக்கம் நின்றுவிடும், பின்பக்கமிருந்து வந்தால் அந்தப் பக்கம். அவள் எப்போதும் ஒரே பக்கம் நின்று ஒரே கையால் திருப்பியதால், மூன்று முறையும் அது ஒரே தப்பான இடத்தில், கொஞ்சமும் பிசகாமல் நின்றிருக்கிறது. புத்தகத்தில் முப்பது ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தது. பத்து போதும் என்றது கட்டைவிரல் தழும்பு.

முப்பது கொடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் நூற்று இருபத்து மூன்று. மறுபக்கம் நூற்று இருபத்தைந்து. நடுவில் நூற்று இருபத்து நாலு. பன்னிரண்டு டிகிரி தவறு.

இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் எண்களைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “பன்னிரண்டு டிகிரிக்கு இவ்வளவு தள்ளுமாக்கா?”

அவள் தன் மேஜை மேலிருந்த டூல் பெட்டியைக் காட்டினாள். “இதை மேலேருந்து நேரா அமுக்குங்க சார். நகருதா?”

“இல்ல.”

“இன்னும் பலமா. இல்லல்ல? இப்ப கையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டு அமுக்குங்க.”

டூல் பெட்டி வழுக்கி முன்னால் போனது.

“வேகமாப் போகும்போது காந்தம் தானே கரண்ட் உண்டாக்கித் திருப்பி அடிக்குது. அதை அமுக்கிப் பிடிக்கத்தான் நம்ம பெட்டி ஒரு கரண்ட் விடுது. நேரா அமுக்கினா அது தள்ளவும் தள்ளாது, இழுக்கவும் இழுக்காது. நான் கையைச் சாய்ச்சு வச்சுட்டேன். பேட்டரி இறங்க இறங்க அதோட பலம் குறையும், அதனால இன்னும் பலமா அமுக்கணும். அதான் சாயங்காலம் மட்டும்.”

இன்ஜினியர் டூல் பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சென்சார் லூஸா இருந்துச்சுன்னு எழுதிடலாம்க்கா. மோட்டாரோட வந்த சென்சார். யாரையும் கேக்க மாட்டாங்க. அண்ணனும் தப்பிச்சுடுவார், நீங்களும்.”

அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அது கெட்ட யோசனையாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. நாளை புகார் அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். தன் கையெழுத்தும் தன்னிடமே இருக்கும். ஒன்பது வருடம் காத்திருந்து வாங்கிய கையெழுத்து. அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். இந்த வருடம் புது மோட்டார் போட்ட வண்டிகள். மூன்றாம் நம்பர்: தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. பதினாலாம் நம்பர்: இருநூற்று ஆறு, இருநூற்று ஆறு, இருநூற்று ஆறு. எத்தனை அழகான எண்கள். பார்க்கப் பார்க்க எப்போதும் பெருமையாக இருக்கும் பக்கங்கள்.

“சார், இதே மாதிரி நான் வச்சது இன்னும் பத்து வண்டி இருக்கு.”

“ஒண்ணொண்ணா சத்தமில்லாம மாத்திடலாம். தூக்குற மேடை ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு வாரம் ஆகும்.”

“ரெண்டு வாரம்னா பதினாலு சாயங்காலம்.”

அவள் நோட்டை மூடினாள்.

“சென்சார் லூஸ்னு எழுதினா எட்டாம் நம்பரை மட்டும்தான் நிறுத்துவாங்க. நான்னு எழுதினாத்தான் பதினொண்ணையும் இன்னைக்கே நிறுத்துவாங்க.”

“மேலாளர் குதிப்பாருக்கா.”

“குதிக்கட்டும். அவர் குதிச்சா தரையிலதான் விழுவார்.”

குறை நோட்டை எடுத்து வரச் சொன்னாள். விபத்துக்குப் பத்து நாள் முன் தான் எழுதிய ‘குறை இல்லை’யை அடிக்காமல், அதன் கீழேயே எழுதினாள்:

‘மேலே எழுதியது தவறு. வண்டி தள்ளுகிறது. கோண எண் 112 என்று வைத்திருந்தேன். 124 என்று இருக்க வேண்டும். குறைந்த கரண்டில், ஒரே பக்கமிருந்து மூன்று முறை பார்த்தேன். மூன்று முறை பார்த்தது ஒரு முறை பார்த்ததற்குச் சமம். தவறு என்னுடையது. இதே முறையில் நான் வைத்த மற்ற பத்து வண்டிகளின் எண்கள் கீழே. சோதிக்கும் வரை அவற்றை வெளியே விட வேண்டாம்.’

கையெழுத்துப் போட்டாள். மேலாளர் குதிக்கத்தான் செய்தார். தூக்குற மேடையில் ராத்திரி பகலாக வேலை நடந்தும், பதினோரு வண்டிகள் இல்லாமல் ஊர் இரண்டு நாள் திண்டாடியது. நிறுத்தங்களில் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பிறகு நடந்தே போனார்கள். பத்தில் ஆறு வண்டிகளின் எண் தவறாக இருந்தது. நாலில் சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதையும் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் பேட்டரியின் தாளும் நோட்டின் பக்கமும் மேஜை மேல் இருந்தன. புகார் அண்ணன் மேல் குற்றமில்லை என்று அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கடுத்த அரை மணி நேரம் அவளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வருடத்துக்கு அவள் கையெழுத்து செல்லாது. வேலையைச் செய்யலாம், கையெழுத்தை இன்ஜினியர் போடுவார்.

டீச்சரைப் பார்க்கச் சனிக்கிழமை தனியாகப் போனாள். என்ன பேசினாள் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை. “கட்டை அவிழ்க்க இன்னும் நாலு வாரமாம்” என்று மட்டும் சொன்னாள். அவர் எதுவும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை புகார் அண்ணன் சீருடையில் வந்து மேஜை முன் நின்றார்.

“உன் கையெழுத்து போச்சாமே.”

“போச்சு.”

“எனக்காகவா போகணும்?”

“உங்களுக்காக இல்லண்ணே. நீங்கதான் சரியா எழுதியிருந்தீங்களே. நான்தான் படிக்கல.”

அவர் தலையைச் சொறிந்தார். “எனக்கும் இதுல பங்கு இருக்கும்மா. தினம் எதையாவது சும்மா எழுதி வச்சா, நிஜமா எழுதறன்னைக்கு யாரு நம்புவா?”

“எது சும்மான்னு எனக்கு இப்ப தெரியல” என்றாள் அவள். “நீங்க எழுதினது எல்லாத்தையும் நான் காலையிலதான் பாத்தேன்.”

அவர் வண்டியை எடுக்கப் போனார்.

அன்று மாலை எட்டாம் நம்பர் கடைசி நடை முடிந்து உள்ளே வந்தபோது, அவள் பழைய குறை நோட்டை எடுத்துக்கொண்டு வண்டி அருகே நின்றிருந்தாள். அவர் கதவைத் திறந்தார்.

“என்னம்மா?”

“எறங்காதீங்கண்ணே. அப்படியே உக்காருங்க. ஹாரனை ஒரு தடவை அடிங்க.”

அடித்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “நல்லாத்தான் அடிக்குது.”

“இன்னைக்கு அதுக்கு மனசு இருக்கு.”

“சரி. இப்ப இடது பக்கம் திரும்பற மாதிரி சாஞ்சு, அப்புறம் நிமிருங்க.”

நாள் முழுக்க அவர் எடை ஏறி அமர்ந்திருந்த அந்தச் சீட், அவர் நிமிர்ந்ததும் அடியிலிருந்து மெல்ல, நீளமாகக் காற்றை விட்டது. அவள் இன்னொரு முறை சாயச் சொன்னாள். பிறகு வலப்பக்கம் சாயச் சொன்னாள். வலப்பக்கம் சத்தமில்லை. இடப்பக்கம் மறுபடியும் அதே பெருமூச்சு.

நோட்டில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, தன் சிவப்பு வரிக்குக் கீழே எழுதினாள்: ‘மாலையில் சோதித்தேன். சீட் பெருமூச்சு விடுகிறது. இடது பக்கம் மட்டும்.’

கையெழுத்துப் போடும் இடத்தை இன்ஜினியருக்கு விட்டுவைத்தாள்.